வீடு முதலில் வரட்டுமா, தெரு முதலில் வரட்டுமா? லிமாவிலிருந்து பெரும்பாக்கம் வரை

செங்கல்

நகர வளர்ச்சி என்று பேச ஆரம்பித்தால் நம் ஆட்கள் நேராகச் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போய்விடுகிறார்கள். நம்மைப் போலவே காசில்லாமல், அவசரத்தில், கிராமத்திலிருந்து வந்தவர்களை வைத்து வளர்ந்த ஊர்களோடு ஒப்பிட்டால்தான் ஏதாவது விளங்கும் என்பது என் எண்ணம். அதற்காகவே இந்த இழை.

நான் பெரு நாட்டுத் தலைநகர் லிமாவிலிருந்து தொடங்குகிறேன். 1971 ஏப்ரல் இறுதியில் லிமாவின் தெற்கே பாம்ப்லோனா என்ற இடத்தில் சில நூறு குடும்பங்கள் காலி நிலத்தில் பாய்த்தட்டிகளை நட்டுக் குடியேறின. சில நாட்களில் கூட்டம் பல ஆயிரமாகிவிட்டது. போலீஸ் வந்தது, மோதல் நடந்தது, உயிரும் போனது. அப்போது ஆட்சியில் இருந்தது ஜெனரல் வெலாஸ்கோவின் ராணுவ அரசு. அவர்களைச் சுட்டு விரட்டவும் முடியவில்லை, அங்கேயே விட்டுவைக்கவும் மனமில்லை. கடைசியில் லாரிகளில் ஏற்றி இன்னும் தெற்கே, பாலைவன மணலில் கொண்டுபோய் இறக்கினார்கள். அந்த இடம்தான் வில்யா எல் சல்வடோர்.

இதுவரை நமக்குத் தெரிந்த கதைதான். சென்னைக் குடிசைவாசிகளை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குடியேற்றிய கண்ணகி நகர் கதையும் இதுதானே என்பீர்கள். ஆனால் அங்கே ஒரு வித்தியாசம் உண்டு. அரசு ஒரு வீடுகூடக் கட்டித் தரவில்லை. தண்ணீர் லாரியில்தான் வந்தது. மின்சாரம் கிடையாது. மணலில் சுண்ணாம்புக் கோடு மட்டும் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு 16 தொகுதிகள், தொகுதிக்கு 24 மனைகள், ஆக 384 குடும்பங்கள். நடுவில் பூங்காவுக்கும் பள்ளிக்கும் பொதுக் கூடத்துக்கும் இடம். இதே வார்ப்பைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே போனார்கள். அகலமான சாலைகளுக்கும் தொழிற்பேட்டைக்கும் தனித்தனியாக நிலம் ஒதுக்கினார்கள்.

மீதியை மக்கள் பார்த்துக்கொண்டார்கள். பாய்த்தட்டி செங்கலானது, செங்கல் இரண்டு மாடியானது. இன்று அது ஏறக்குறைய 4 லட்சம் பேர் வாழும் நகரசபை. தச்சுப் பட்டறைகளுக்குப் பேர் போன இடம். லிமா மெட்ரோவின் முதல் தடமே அங்கிருந்துதான் கிளம்புகிறது. அதற்கு 1986இல் வேலை ஆரம்பித்து 2011 வரை இழுத்தடித்தார்கள் என்பது வேறு கதை. ஆனாலும் தடம் போட இடம் இருந்தது. அதே லிமாவில் பின்னால் கோடு போடாமலே மலைச்சரிவுகளில் ஏறிய குடியிருப்புகளைப் பாருங்கள். படிக்கட்டுதான் தெரு. தண்ணீர் லாரி பாதி மலையோடு நின்றுவிடும்.

ஏழை நாட்டில் அரசுக்கு இருக்கிற கொஞ்சம் காசையும் கவனத்தையும் வீட்டில் போடாமல், ஆள் வருவதற்கு முன்பே தெருவில் போட வேண்டும் என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து இருப்பவர்கள் வாருங்கள்.

வட்டச்சாலை

நல்ல தொடக்கம். ஆனால் சிங்கப்பூரை ஏன் ஒதுக்க வேண்டும்? 1960இல் அதுவும் குடிசைகள் நிறைந்த ஊர்தான். வீட்டுவசதி வாரியம் வைத்து, மாடி வீடு கட்டி, முக்கால்வாசிக்கு மேல் மக்களைக் குடியேற்றிவிட்டார்கள். கோடு போட்டு விட்டுவிடவில்லையே, கட்டிக் கொடுத்தார்களே!

செங்கல்

வட்டச்சாலை, கட்டினார்கள், மறுக்கவில்லை. ஆனால் 1966இல் கொண்டுவந்த நில எடுப்புச் சட்டத்தால் நிலத்தைச் சந்தை விலைக்கும் கீழே வாங்கிக் குவிக்க முடிந்தது. நாட்டு எல்லையே நகர எல்லை. கிராமத்திலிருந்து வருடத்துக்கு இத்தனை லட்சம் பேர் என்று வந்து இறங்க அங்கே கிராமமே இல்லை. தமிழ்நாட்டின் 2011 கணக்குப்படி நகர மக்கள் 48 சதவீதம், பாக்கி 52 சதவீதம் பேர் எப்போது வேண்டுமானாலும் பஸ் ஏறலாம். நம் கணக்கு வேறு.

பழைய சர்வேயர்

இந்த இழையில் ஒரு விஷயம் சொல்லாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. செங்கல் தம்பி லிமா வரை போயிருக்கிறார். அதே வேலையைச் சென்னையிலேயே செய்திருக்கிறோம், ஊருக்கே மறந்துவிட்டது.

1977இல் உலக வங்கிக் கடனில் சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் வந்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் என்று மூன்று இடம் எடுத்தார்கள். அப்போது அவையெல்லாம் ஊருக்கு வெளியே. மனை பிரித்து, சாலை போட்டு, தண்ணீரும் சாக்கடையும் கொண்டுவந்து, ஏழைக் குடும்பத்துக்குச் சின்ன மனையும் கழிவறையும் அடித்தளமும் மட்டும் கொடுத்தார்கள். வீட்டை அவரவர் கைக்காசு வரும்போது கட்டிக்கொள்ள வேண்டியது. பணம் தவணையில். அதே மனைப்பிரிவில் பெரிய மனைகளும் கடை மனைகளும் இருந்தன. அவற்றை நல்ல விலைக்கு விற்று அந்தக் காசைச் சின்ன மனைக்குத் தள்ளுபடியாக்கினார்கள். இரண்டாம் கட்டத்தில் முகப்பேர் வந்தது.

இன்றைக்கு அந்தப் பகுதிகளில் நடந்து பாருங்கள். சின்ன மனையில் மூன்று மாடி, கீழே தையல் கடை, மேலே வாடகைக்குக் குடித்தனம். குப்பை லாரி உள்ளே போகிறது, ஆம்புலன்ஸ் உள்ளே போகிறது. யாரும் அதை ஏழைகளுக்கான திட்டம் என்று அடையாளமே காண மாட்டார்கள். அதனால்தானோ என்னவோ அதற்கு யாரும் விழா எடுக்கவில்லை. மாடி வீடு என்றால் திறப்பு விழா உண்டு, சாவி கொடுக்கிற படம் உண்டு. சாக்கடைக் குழாய்க்கு என்ன படம் எடுப்பது?

அதே காலத்தில் அதே வங்கி தான்சானியாவிலும் இதைச் செய்தது. டார் எஸ் சலாமில் சின்சா, கிஜிடோன்யாமா, மிகோச்செனி ஆகிய இடங்களில் வெறும் நிலத்தில் மனை போட்டார்கள். மன்செசே என்ற இடத்தில் மட்டும் ஏற்கெனவே நெருக்கியடித்துக் கட்டியிருந்த குடியிருப்புக்குள் போய்ச் சாலையும் தண்ணீரும் கொடுத்தார்கள். பல பத்தாண்டு கழித்து ஆராய்ச்சிக்காரர்கள் அந்நாட்டின் ஏழு நகரங்களில் இரண்டு வகையையும் ஒப்பிட்டார்கள். முன்கூட்டியே மனை போட்ட இடங்களில் வீடுகள் பெரிதாகவும் ஒழுங்காகவும், தண்ணீர், மின் இணைப்போடும் இருந்தன. பின்னால் போய்ச் சீர்செய்த இடங்கள் அந்த அளவுக்கு வரவில்லை. ஒரே நாடு, ஒரே காலம், ஒரே திட்டம். எது முதலில் வந்தது என்பது மட்டுமே வித்தியாசம்.

கணக்குப்பிள்ளை

சர்வேயர் ஐயா, அந்த ஆய்வு எனக்கும் தெரியும். நீங்கள் சொல்லாமல் விட்ட பாதியை நான் சொல்கிறேன். முன்கூட்டியே மனை போட்ட இடங்களில் இன்று இருப்பவர்கள் அதிகம் படித்தவர்கள். அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு ஆள் மாறியதால் வந்தது. அதாவது மனை நன்றாக இருந்தது, விலை ஏறியது, வசதியானவர் வாங்கினார். இதில் ஏழைக்கு என்ன கிடைத்தது?

முகப்பேரில் இன்று ஒரு கிரவுண்டு என்ன விலை என்று விசாரித்துவிட்டு வாருங்கள். ஏழைகளுக்கான திட்டம் என்று அடையாளம் தெரியவில்லை என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். ஏழைகளே இல்லாததால் தெரியவில்லையோ?

பழைய சர்வேயர்

கணக்குப்பிள்ளை தம்பி, கேள்வி நியாயம். ஆனால் விற்றவன் சும்மாவா கொடுத்துவிட்டுப் போனான்? காசு வாங்கிக்கொண்டுதானே போனான். பெண் கல்யாணமோ பையன் படிப்போ அதில் நடந்திருக்கும். விற்பதா இருப்பதா என்று முடிவு செய்தது அவன். பெரும்பாக்கத்துக் குடும்பத்துக்கு அந்த முடிவு உண்டா? 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு ஓரத்திலிருந்து அள்ளிக்கொண்டு போய் எட்டடுக்கு மாடியில் வைத்தோம். விற்க உரிமை இல்லை, கீழே கடை போட இடம் இல்லை, மேலே ஒரு அறை எடுக்க வழி இல்லை. வேலையோ இருபது கிலோமீட்டருக்கு அப்பால். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் விடிகாலை பஸ்ஸை விட்டால் அன்றைய கூலி போச்சு.

இன்னொன்றும் சொல்கிறேன். எல்லோரும் விற்றுவிட்டுப் போகவும் இல்லை. அரும்பாக்கத்தில் முதல் ஒதுக்கீட்டுக்காரரின் பேரப்பிள்ளைகள் இருக்கிற வீடுகளை எனக்கே தெரியும்.

களனிக்கரை

நான் கொழும்பு. வாசித்துக்கொண்டு மட்டும் இருக்கலாம் என்று பார்த்தேன், பெரும்பாக்கம் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இலங்கையில் இரண்டு வழியையும் அடுத்தடுத்துச் செய்து பார்த்திருக்கிறோம். 1984இல் அப்போதைய பிரதமர் பிரேமதாசவின் பத்து இலட்சம் வீடுகள் திட்டம் வந்தது. பெயர்தான் வீடுகள், அரசாங்கம் தானே கட்டிக் கொடுத்தவை கொஞ்சம். குடும்பத்துக்குச் சிறு கடன், தொழில்நுட்ப ஆலோசனை, கொழும்பில் தோட்டம் என்று நாங்கள் சொல்லும் ஏழைக் குடியிருப்புகளில் காணித் துண்டு அளந்து கொடுத்து, தண்ணீர்க் குழாயும் மலசலகூடமும். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு சமூக அபிவிருத்திச் சபை. ஒழுங்கை எவ்வளவு அகலம், யார் எவ்வளவு பின்னுக்குத் தள்ளிக் கட்ட வேண்டும் என்று சனங்களே கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். அரசியல் காரணம் இல்லாமல் இல்லை, கட்சி ஆட்களுக்கு முதலில் கிடைத்தது என்ற முறைப்பாடும் உண்டு. ஆனால் சனம் இருந்த இடத்திலேயே இருந்தது.

போர் முடிந்த பிறகு 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபையைப் பாதுகாப்பு அமைச்சுக்குக் கீழே கொண்டுவந்தார்கள். யோசித்துப் பாருங்கள், நகரத் திட்டமிடல் பாதுகாப்பு அமைச்சில்! கொம்பனித்தெருவில் வீடுகளை உடைத்தபோது இராணுவமும் நின்றது. அதற்குப் பிறகு தெமட்டகொடைப் பக்கம் உயர்ந்த தொடர்மாடிகள். பெரும்பாக்கம் போல ஊருக்கு வெளியே கொண்டுபோகவில்லை என்பது ஒரு ஆறுதல், நகரத்துக்குள்ளேயே கட்டினார்கள். ஆனாலும் பிரச்சினை அதே மாதிரி. லிஃப்ட் பழுதானால் பதினோராம் மாடிக் கிழவி அங்கேயேதான் இருக்க வேண்டும். முன்பு வாசலில் அப்பம் சுட்டு விற்றவர் இப்போது எங்கே விற்பார்? பராமரிப்புக் கட்டணம், மின்சாரம், தண்ணீர் என்று மாதாமாதம் காசு கட்ட வேண்டும், நாட்கூலிக்காரனுக்கு மாதச் சம்பளமா வருகிறது?

மேம்பாலம்

எல்லோரும் உலக வங்கியையும் ஏழைகளையும் பற்றியே பேசுகிறீர்கள். இந்த அரை நூற்றாண்டில் கோடிக்கணக்கான பேரை நகரத்துக்குக் கொண்டுவந்து, சேரி என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இல்லாமல் செய்தது சீனா. ஷென்சென் இருக்கிற பகுதியில் 1979இல் மூன்று லட்சம் பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் ஒன்றே முக்கால் கோடி. மெட்ரோ, துறைமுகம், தொழிற்சாலை எல்லாம் அரசு முன்னால் நின்று போட்டது. நிலக் குத்தகையை ஏலம் விட்டுக் காசு திரட்டியது. முதல் ஏலம் 1987இல். ஒரே கையில் நிலமும் அதிகாரமும் இருந்தால் காரியம் நடக்கும்.

செங்கல்

மேம்பாலம், அந்த ஒன்றே முக்கால் கோடிப் பேர் எங்கே தூங்கினார்கள் என்று கேட்டிருக்கிறீர்களா?

அரசு வயல்களை எடுத்துக்கொண்டபோது பழைய கிராமத்தார் குடியிருந்த நத்தத்தை அவர்களிடமே விட்டுவிட்டது. அந்தக் கிராமத்தார் அதில் ஆறு மாடி, ஏழு மாடி என்று அனுமதியில்லாமல் கட்டி அறை அறையாக வாடகைக்கு விட்டார்கள். எதிர் வீட்டுக்காரனோடு ஜன்னல் வழியாகக் கை குலுக்கலாம், அவ்வளவு நெருக்கம். ஷென்சென் தொழிலாளர்களில் பெரும்பகுதிக்கு வீடு கொடுத்தது இந்த நகர்ப்புறக் கிராமங்கள்தான். அரசு கட்டிய கோபுரங்கள் அல்ல. பெரிய சாலையும் மெட்ரோவும் அரசு போட்டது, குடியிருப்பை மக்கள் கட்டினார்கள். என் வாதத்துக்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள்!

அப்புறம், ஹூகோ என்ற குடும்பப் பதிவு முறையையும் மறக்க வேண்டாம். ஊர் விட்டு வந்த தொழிலாளியின் பிள்ளைக்கு அந்த நகரத்து அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் கிராமத்திலேயே விட்டுவிட்டு வந்தார்கள். சேரி தெரியவில்லை என்றால், குடும்பத்தில் பாதி இன்னும் நகரத்துக்கே வரவில்லை என்று அர்த்தம். விழுப்புரத்துக்காரர் சென்னைக்கு வர விசா கேட்பது போல ஒரு ஏற்பாட்டை நாம் கேட்டுப் பெறப் போகிறோமா?

மேம்பாலம்

ஹூகோவை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் மெட்ரோவுக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கியதைப் பாராட்டலாம் அல்லவா? நம் ஊரில் மேம்பாலம் கட்டிவிட்டு, அதை இடித்துவிட்டு மெட்ரோ போடுகிறோம்.

ஊர்சுற்றி

இவ்வளவு எழுதி என்ன பயன்? மக்கள் தொகையைக் குறைத்தால் எல்லாம் சரியாகும்.

கணக்குப்பிள்ளை

ஊர்சுற்றி, தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் எப்போதோ இறங்கிவிட்டது, சென்னை இன்னும் அகலமாகிக்கொண்டேதான் இருக்கிறது. ஆள் கூடுவதால் மட்டும் நகரம் பரவுவதில்லை, ஆளுக்கு இத்தனை சதுர அடி என்பதும் கூடுகிறது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

வீடு கட்டிக் கொடுப்பதில் மிகப் பெரிய சூதாட்டம் ஆடியது மெக்சிகோ. தொழிலாளர் சம்பளத்தில் பிடிக்கும் பணத்தை வைத்து வீட்டுக் கடன் கொடுக்கும் இன்ஃபோனாவிட் என்ற அமைப்பு அங்கே 1972 முதல் இருக்கிறது. 2000க்குப் பிறகு தனியார் கட்டுநர்கள் மலிவாக நிலம் கிடைத்த இடத்திலெல்லாம், நகரத்திலிருந்து மணிக்கணக்கில் போக வேண்டிய வயல்களில், ஒரே அச்சில் வார்த்த வீடுகளை லட்சக்கணக்கில் கட்டித் தள்ளினார்கள். கடன் கையில் இருந்ததால் விற்றும் போயின. ஆனால் பஸ் இல்லை, பள்ளி இல்லை, வேலை இல்லை. 2010 கணக்கெடுப்பில் அந்நாட்டில் ஏறக்குறைய 50 லட்சம் வீடுகளில் ஆள் இல்லை. எல்லாம் இந்தத் திட்ட வீடுகள் அல்ல, ஆனால் பூட்டிக் கிடந்த காலனிகள் நிறைய. ஜன்னல், கதவு, வயர் எல்லாம் களவு போன வீடுகள். 2013 வாக்கில் பெரிய கட்டுநர் நிறுவனங்களே கவிழ்ந்தன.

எனவே செங்கலோடு பாதி ஒத்துப்போகிறேன். வீட்டை மட்டும் எண்ணுகிற திட்டம் எங்கும் சறுக்குகிறது. நான் கேட்கும் கேள்வி வேறு: தெருவுக்கு நிலம் யார் கொடுப்பது? பாலைவனமும் ராணுவ ஆட்சியும் லிமாவுக்கு இருந்தன. தான்சானியாவில் நிலமெல்லாம் அரசின் பொறுப்பில். மாதவரத்துக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு சென்ட்டுக்கும் பட்டா இருக்கிறதே?

ஹவாசா வாத்தியார்

பட்டா இல்லாத ஊரில் நடந்ததைச் சொல்லவா? நான் எத்தியோப்பியாவில் கல்லூரி ஆசிரியராக இருந்தவன். அந்தக் காலத்தில் அங்கே நம் ஊர் வாத்தியார்கள் நிறையப் பேர். ஆட்டோவுக்கு அங்கே பஜாஜ் என்றுதான் பெயர், ஏறி உட்கார்ந்தால் பாதி ஊர் ஞாபகம் வந்துவிடும்.

எத்தியோப்பியாவில் 1975 முதல் நிலம் முழுக்க அரசுக்குச் சொந்தம். தலைநகர் அடிஸ் அபாபாவில் 2005 வாக்கிலிருந்து காண்டோமினியம் என்று நாலு மாடி வீடுகளை லிஃப்ட் இல்லாமல் ஆயிரக்கணக்கில் கட்டினார்கள். குலுக்கலில் பெயர் விழுந்தால் வீடு. 20 சதவீதம் முன்பணம், 80 சதவீதம் வங்கிக் கடன். ஒன்றைப் பாராட்ட வேண்டும்: ஆடு வெட்டவும், அவர்களுடைய அன்றாட ரொட்டியான இஞ்செரா சுடவும் கீழே பொதுக் கட்டடம் வைத்திருந்தார்கள். அங்கே வாழ்கிறவனின் பண்டிகையை யோசித்த ஒருவர் அந்த வரைபடத்தில் கை வைத்திருக்கிறார். ஆனால் குலுக்கலில் வென்ற பலருக்குத் தவணை கட்ட முடியவில்லை. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மறுபடியும் பழைய மண் வீட்டு ஒண்டுக் குடித்தனத்துக்கே போனார்கள்.

அந்த வீடுகளுக்கு நிலம் எங்கிருந்து வந்தது? நகரைச் சுற்றியிருந்த ஒரோமோ உழவர்களிடமிருந்து. நிலம் அரசுடையது என்பதால் நிலத்துக்கு விலை கிடையாது, விளைச்சலைக் கணக்கிட்டு இழப்பீடு. அதே நிலம் குத்தகை ஏலத்துக்குப் போனால் என்ன விலை போகிறது என்பதை உழவன் கண்ணால் பார்க்கிறான். 2014இல் அடிஸ் அபாபாவையும் சுற்றியுள்ள ஒரோமியா மாநில ஊர்களையும் சேர்த்து ஒரு மாஸ்டர் பிளான் என்றார்கள். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2015 இறுதியில் போராட்டம் ஒரோமியா முழுக்கப் பற்றியது. நூற்றுக்கணக்கானவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2016 ஜனவரியில் திட்டத்தைக் கைவிட்டார்கள், ஆனால் போராட்டம் நிற்கவில்லை. 2018இல் பிரதமரே பதவி விலகும் வரை போனது. ஒரு நகரத் திட்ட வரைபடம் ஒரு அரசையே அசைத்தது என்றால் மிகையில்லை, வேறு காரணங்களும் சேர்ந்திருந்தன என்றாலும்.

ஆகவே செங்கல், தெருவை முன்னால் போடு என்பது சரி. யார் வயலில் போடுவது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் கோடு போட்டால் ரத்தம் சிந்தும்.

ஆனால் அதே நாட்டில் சத்தமில்லாமல் இன்னொன்றும் நடந்தது. 2013 வாக்கில் ஹவாசா, அடாமா, பஹிர் தார், மெக்கெல்லே என்ற நாலு நகரங்களில் நியூயார்க் பல்கலைக்கழகத்துக்காரர்கள் நகராட்சியோடு சேர்ந்து எளிமையான ஒரு வேலை செய்தார்கள். அடுத்த முப்பது வருடத்துக்கு நகரம் எவ்வளவு பரவும் என்று தாராளமாகக் கணக்குப் போட்டு, அந்தப் பரப்பில் ஒரு கிலோமீட்டருக்கு ஒன்று என்ற இடைவெளியில் 30 மீட்டர் அகலப் பெருஞ்சாலைகளுக்கான தடத்தை மட்டும் குறிப்பது. உள் தெருவை, வீட்டை, கடையை எதையும் தொடுவதில்லை. தடத்தில் தார்கூடப் போட வேண்டாம். யாரும் கட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். பஸ்ஸும், பெரிய தண்ணீர்க் குழாயும், பாதாளச் சாக்கடையும் பிறகு அதில் வரும். கிலோமீட்டருக்கு ஒன்று என்றால், யார் வீட்டிலிருந்தும் நடந்தே பஸ் பிடிக்கலாம்.

நடைபாதை

சாக்கடை என்றதும் ஒராங்கியைச் சொல்லாமல் விட முடியாது. கராச்சியின் ஓரத்தில் லட்சக்கணக்கானவர்கள் சட்டத்துக்கு வெளியே குடியேறிய பகுதி. 1980இல் அக்தர் ஹமீத் கான் என்ற சமூகப் பணியாளர் அங்கே ஒரு வேலையைத் தொடங்கினார். ஒரு சந்தில் இருபது முப்பது வீடு. அந்தச் சந்துக்காரர்களே ஒருவரைப் பொறுப்பாளராகப் போட்டு, காசு திரட்டி, தங்கள் சந்துக்குப் பாதாளச் சாக்கடை தோண்டிக்கொள்ள வேண்டும். அளவெடுப்பதும் ஆலோசனையும் மட்டும் திட்டத்தாரின் வேலை. ஒப்பந்தக்காரரும் கமிஷனும் இல்லாததால் அரசு மதிப்பீட்டில் ஒரு சின்னப் பங்குச் செலவில் முடிந்தது. சந்துக்குள் இருப்பது மக்கள் பொறுப்பு, பெருங்குழாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு என்று தெளிவாகப் பிரித்தார்கள்.

இது தெரு முதலில் வராத ஊரின் கதை என்பதைக் கவனியுங்கள். செங்கல் கட்சிப்படி அது தோற்றிருக்க வேண்டும், தோற்கவில்லை. அடையாறு ஓரத்துக்காரரை இருபது கிலோமீட்டர் தள்ளி வைக்கும் முன் இதை யாராவது முயன்றோமா?

அதன் பின்னால் வந்த பர்வீன் ரஹ்மான் கராச்சியின் குடியிருப்புகளையும் கால்வாய்களையும் வரைபடமாக்கினார். தண்ணீர் எங்கே திருடு போகிறது, எந்த நிலம் யார் கைக்குப் போகிறது என்பதெல்லாம் அந்த ஆவணத்தில் வந்தது. 2013 மார்ச்சில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வரைபடம் என்றால் வெறும் காகிதம் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

செங்கல்

நடைபாதை, ஒராங்கியை மதிக்கிறேன், ஆனால் அதிலும் என் கட்சிக்கு இடம் இருக்கிறது. சந்துச் சாக்கடைகள் போய் விழுந்த நாலாக்களின், அதாவது பெரிய வடிகால் ஓடைகளின், கரையில் பெருங்குழாய்க்கு இடம் விடாமல் வீடு ஏறியது. 2020 வெள்ளத்துக்குப் பிறகு குஜ்ஜர் நாலா, ஒராங்கி நாலா ஓரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளை இடித்தார்கள். சந்து அளவில் மக்களால் முடிந்தது. நாலா அளவில் முன்கூட்டியே ஒதுக்கி வைக்க ஒருவரும் இல்லை.

நடைபாதை

நாலா ஓரத்து வீட்டை இடித்ததற்கும் இடமில்லாததற்கும் நேரடிச் சம்பந்தம் கொஞ்சம்தான். குப்பையை அள்ளாதது யார் குற்றம்? அதை ஏழை தலையில் கட்டுவது எந்த ஊரிலும் சுலபம். நைஜீரியாவின் லாகோஸில் 1990இல் மரோக்கோ என்ற குடியிருப்பை, தாழ்வான பகுதி, வெள்ளம் வரும் என்று சொல்லி ராணுவ ஆளுநர் இடித்தார். மூன்று லட்சம் பேர் என்பார்கள். பிறகு அதே தாழ்வான இடத்தில் பணக்காரர்களுக்கு வீடு எழும்பியது. வெள்ளம் ஆள் பார்த்து வருமா?

கணக்குப்பிள்ளை

இரண்டு பேரும் சண்டையை நிறுத்தி என் பழைய கேள்விக்கு வாருங்கள். பட்டா நிலத்தில் தெரு போட நம் நாட்டிலேயே வழி இருக்கிறது, அகமதாபாத்தில். நகர எல்லையில் நூறு ஹெக்டேர் போல ஒரு பகுதியை எடுத்து, எல்லா உடைமையாளர் நிலத்தையும் காகிதத்தில் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். சாலைக்கும் பூங்காவுக்கும் ஏழை வீட்டுக்கும், நகராட்சி பிறகு விற்றுச் செலவை ஈடுகட்டுவதற்கும் சேர்த்து ஏறக்குறைய 40 சதவீதம் கழித்துக்கொண்டு மீதியை ஒழுங்கான மனையாக அவரவருக்கே திருப்பித் தருகிறார்கள். நிலம் குறைந்தாலும் சாலை வந்ததால் விலை ஏறுகிறது. ஒருவர் மட்டும் முழு நிலத்தையும் இழப்பதில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தில் நடக்கிறது. 76 கிலோமீட்டர் வட்டச்சாலைக்கு அங்கே பெரும்பாலும் இப்படித்தான் நிலம் வந்தது.

இது நமக்குப் புதிதும் அல்ல. சென்னை மாகாணத்துக்கு 1920இலேயே நகரமைப்புச் சட்டம் இருந்தது, தி.நகர் அதில் வந்ததுதான்.

பழைய சர்வேயர்

தி.நகர் வந்தது சரி, பக்கத்திலிருந்த நீண்ட ஏரியைத் தூர்த்தும் அல்லவா ஊரை நீட்டினார்கள்? மழைக்காலத்தில் அங்கே போய் நின்று பார்க்கச் சொல்லுங்கள். கோடு போடுவதற்கு முன் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் அதுதான் நடந்தது.

நம் ஊரில் மனைப்பிரிவு போடுவது ரியல் எஸ்டேட்காரர். அவருக்குத் தன் நிலத்துக்குள் 23 அடி ரோடு போட்டால் போதும். அது பக்கத்து மனைப்பிரிவு ரோட்டோடு சேருமா என்பது அவர் கவலை இல்லை. ஊரப்பாக்கம் பக்கமோ திருநின்றவூர் பக்கமோ போய்ப் பாருங்கள், ஒரு நகருக்கும் அடுத்த நகருக்கும் நடுவில் சுவர். மெயின் ரோட்டுக்கு வர ஒரே வாசல். 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. அடுத்த வருடமே வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. கட்டணம் கட்டினால் மனை சட்டபூர்வமாகிவிடும், ஆனால் 23 அடி ரோடு 60 அடி ஆகாதே!

வட்டச்சாலை

2022இல் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக்கினார்கள். அரக்கோணம், காஞ்சிபுரம் பக்கம் வரை. இத்தனை பரப்புக்கும் ஹவாசா மாதிரி தடம் குறிப்பது நடக்கிற காரியமா? சும்மா கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

ஹவாசா வாத்தியார்

முழுப் பரப்புக்கும் தேவையில்லை. அடுத்த முப்பது வருடத்தில் ஊர் ஏறப்போகிற பகுதிகளுக்குப் போதும். எத்தியோப்பியாவில் நிலம் அரசுடையது என்பதால் குறிப்பது எளிது. நமக்குப் பொருந்துவது கொலம்பியா. மொன்டெரியா, வயெடுபார் என்ற இரண்டு நடுத்தர நகரங்களில் இதே வேலையைச் செய்தார்கள், அங்கே நிலம் தனியாருடையது. ஆகவே நகரத் திட்டத்தின் சட்ட வரைபடத்திலேயே தடத்தை ஏற்ற வேண்டியிருந்தது. உடைமையாளரிடம் இன்றே வாங்க வேண்டியதில்லை. அவர் மனை பிரிக்க அனுமதி கேட்டு வரும்போது தடத்தை விட்டுத்தான் பிரிக்க முடியும்.

பழைய சர்வேயர்

அப்படியானால் நம் ஊரில் அதைச் செய்கிற இடம் மாஸ்டர் பிளான் புத்தகம் அல்ல, ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் இருக்கிற எஃப்.எம்.பி. என்ற புல வரைபடம். மாஸ்டர் பிளானில் சிவப்புக் கோடு இருக்கிறது என்று ரிஜிஸ்தர் ஆபீஸில் யாருக்கும் தெரியாது. சர்வே எண்ணுக்கு எதிரே, எஃப்.எம்.பி.யில், இத்தனை மீட்டர் சாலைத் தடம், இத்தனை மீட்டர் வாய்க்கால் என்று ஏறிவிட்டால் வில்லங்கம் பார்க்கிறவன் கண்ணில் படும், வங்கிக்காரன் கண்ணில் படும். உட்பிரிவு செய்ய வரும்போது சர்வேயர் கை நிற்கும்.

கணக்குப்பிள்ளை

ஐயா, உட்பிரிவுக்கு வரும்போது சர்வேயர் கை எதற்காக நிற்கும் என்பது ஊரறிந்த விஷயம், நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அகமதாபாத் முறையில் உடைமையாளருக்கு லாபம் இருக்கிறது, அதனால் அவரே ஒத்துழைப்பார். நீங்கள் சொல்வதில் தடம் விழுந்தவனுக்கு நஷ்டம், விழாத பக்கத்து நிலத்துக்காரனுக்கு லாபம். அடுத்த வாரமே வழக்கு. இரண்டையும் சேர்த்துச் செய்யாமல் எஃப்.எம்.பி.யில் கோடு மட்டும் போட்டால், அது நூறு ரிட் மனுவில் போய் முடியும்.

பழைய சர்வேயர்

கோபம் இல்லை தம்பி, முப்பது வருடம் அதே ஆபீஸில் இருந்தவன்தான். சேர்த்தே செய்யட்டும். ஆனால் முதலில் அந்த 5,904 சதுர கிலோமீட்டரில் ஓடையும் வரத்து வாய்க்காலும் எங்கே போகிறது என்பதையாவது இந்த வருடமே ஏற்றட்டும். அதற்கு யாருடைய நிலத்தையும் கழிக்க வேண்டாம், பெரும்பாலும் புறம்போக்கு. பழைய கிராம வரைபடத்தில் அத்தனையும் இருக்கிறது.